எலக்ட்ரான்கள் தானாகவே சூடாகின்றன: பிளாஸ்மா கோட் எழுதியவர்கள் வாருங்கள்

திரி தொடங்கியவர்

பிளாஸ்மாவில் ஆராய்ச்சி என்று சொன்னால் ஊரில் ரத்த வங்கி வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் அத்தை இன்னும் அப்படித்தான் நம்புகிறார். நான் சொல்வது எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகப் பிரிந்து திரியும் சூடான வாயு. உண்மையில் என் நாளில் முக்கால்வாசி சாஃப்ட்வேர் வேலைதான். விடை தப்பாக வரும். தப்பு இயற்பியலிலா, கோடிலா என்று தேடியே வாரங்கள் ஓடும். அப்படித் தேடிய கதை இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

பிஎச்.டி. இரண்டாம் வருடம். பிக் (PIC, particle-in-cell) வகை சிமுலேஷன் ஒன்று எழுதியிருந்தேன். லட்சக்கணக்கான துகள்களைக் கணினியில் ஓடவிட்டு, மின்புலத்தை மட்டும் கட்டம் கட்டமாகப் பிரித்த வெளியில் கணக்கிடும் முறை அது. 1960-ஐ ஒட்டி ஆஸ்கர் புனேமனும் ஜான் டாஸனும் போட்டுக்கொடுத்த பாதை. அடர்த்தி கன மீட்டருக்கு 10-இன் 16-ஆம் அடுக்கு, வெப்பநிலை 10 எலக்ட்ரான் வோல்ட் (எங்கள் துறையில் வெப்பநிலையை இந்த ஆற்றல் அலகில்தான் சொல்வோம்). வெளியிலிருந்து எந்த ஆற்றலும் கொடுக்கவில்லை. ஆனால் எலக்ட்ரான்கள் சூடாகிக்கொண்டே போயின. 20, 40, அப்புறம் 80-க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டன.

அந்த நின்றதுதான் என்னைக் கவிழ்த்தது. கோட் தப்பென்றால் எண் எகிறி வெடித்திருக்கும், இது அழகாக ஓர் இடத்தில் நிலைகொள்கிறதே, ஏதோ புது வெப்பமூட்டும் முறை சிக்கிவிட்டது என்று நினைத்தேன். கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன் (இங்கே சொல்ல மாட்டேன்).

கைடு வரைபடத்தைப் பத்து விநாடி பார்த்தார். "டிபை நீளம் எவ்வளவு? உன் கட்டம் எவ்வளவு?" அவ்வளவுதான் கேட்டார். பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கத்தைச் சுற்றியுள்ள துகள்கள் மறைத்துவிடும் தூரம்தான் டிபை நீளம். என் எண்களுக்கு அது 0.235 மில்லிமீட்டர். என் கட்டமோ 2 மில்லிமீட்டர். கட்டம் அவ்வளவு பெரிதாக இருந்தால் அதற்குள் நடப்பது கோடுக்குத் தெரியாது, அந்தக் கண்மூடித்தனம் துகள்களுக்குப் பொய்யான வெப்பமாகப் போய்ச் சேரும். வெப்பநிலை ஏற ஏற டிபை நீளமும் வளரும். கட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் சூடாவது அடங்கிவிடும். 80 எலக்ட்ரான் வோல்ட்டில் டிபை நீளம் 0.66 மில்லிமீட்டர். 2-இல் மூன்றில் ஒன்று! நான் கண்டுபிடித்தது என் கட்டத்தின் அளவை.

பழைய ஃபார்ட்ரான்

தம்பி, உங்களுக்காவது பத்து விநாடியில் விடை கிடைத்தது. எனக்கு நாற்பது நாள்.

நாங்கள் ஃபார்ட்ரான் 77 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய காலம். சோதனைக்காகப் பிளாஸ்மாவை லேசாகத் தட்டி, அது அதிரும் அலைவெண் பார்ப்போம். காகிதத்தில் போடும் கணக்கோடு அது ஒட்டிப் போக வேண்டும். எனக்கு 22 சதவீதம் கூடுதலாக வந்தது. அலைவெண் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் அடர்த்தி ஒன்றரை மடங்கு இருக்கிறது. மிச்ச அரை மடங்கு மின்னூட்டம் எங்கிருந்து வந்தது? துகள்களை எண்ணினேன், எடைகளைக் கூட்டினேன், எல்லை நிபந்தனைகளை மாற்றினேன். எல்லாம் சரி.

துகளை நகர்த்தப் போரிஸ் முறைதான். 1970-இல் வந்தது, இன்றும் அதைத்தான் பலர் போடுகிறார்கள். ஏன் அது நீண்ட நேரம் ஓட்டினாலும் தடம் புரளாமல் நிற்கிறது என்று 2013-இல்தான் தனிக் கட்டுரையே வந்தது என்பது வேறு கதை. அதில் மின்புலத்தின் உதை இரண்டு பாதியாக விழும். பாதிக் காலத்துக்கு டிடிஎச் என்று ஒரு மாறி, முழுக் காலத்துக்கு டிடி. ஓர் அணியின் (array) பெயர் புரியவில்லையே என்று ஓரெழுத்து நீட்டியிருந்தேன். வரி ஓரிடம் வலப்புறம் தள்ளிப்போய், கடைசி 'எச்' 73-ஆவது இடத்தில் விழுந்துவிட்டது.

பழைய ஃபார்ட்ரானில் ஒரு வரியின் 72-ஆவது எழுத்துக்கு அப்புறம் எழுதியதைக் கம்பைலர் பார்க்காது. வரிக்கு ஓர் அட்டையாக நிரலைத் துளையிட்டு வைத்த காலத்தில், அந்தத் துளையட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் திரும்ப அடுக்குவதற்கான வரிசை எண்ணுக்கு ஒதுக்கிய இடம் அது. அட்டை போய்ப் பல வருடம் ஆகியும் விதி போகவில்லை. எச் இல்லாத டிடியும் சரியான மாறிதானே, கம்பைலர் முணுமுணுக்கக்கூட இல்லை. இரண்டாவது உதை இருமடங்கு, மொத்தம் ஒன்றரை. காகிதத்தில் அச்செடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

ஓஎம்ஆர் டு லேப்

நான் எதிர்த்திசையில் வந்தவன். எட்டு வருடம் ஐ.டி., இப்போது ஒரு பிளாஸ்மா குழுவில் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர். அந்தப் பதவிப் பெயரே 2012-இல் பிரிட்டனில்தான் பிறந்தது. எந்தக் குழு என்று கேட்காதீர்கள்.

சேர்ந்த முதல் நாள், கோடைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் எங்கே என்று கேட்டேன். சீனியர் ஒருவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். சரி என்று நானே எழுத ஆரம்பித்தேன். எதிரெதிராக ஓடும் இரண்டு சம எலக்ட்ரான் கற்றைகளை விட்டால் அலை வளரும் அதிகபட்ச வேகம் பிளாஸ்மா அலைவெண்ணில் 0.354 பங்கு. இது கணிதத்திலேயே வருவது, யாரும் மறுக்க முடியாது. கோடில் யார் என்ன மாற்றினாலும் இரவில் இது தானாக ஓடும், எண் விலகினால் காலையில் மெயில் போகும்.

ஒரு நாள் துகள் எண்ணிக்கை 16777216-க்கு மேல் ஏறவே மறுத்தது. இயற்பியல்காரர்கள் சுவரில் துகள் இழப்பு என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. 2-இன் 24-ஆம் அடுக்கு. எண்ணிக்கையை ஒற்றைத் துல்லிய தசம மாறியில் வைத்திருந்தார்கள். அங்கே போனபின் ஒன்றைக் கூட்டினால் அதே எண்தான் திரும்ப வரும். ஒரே ஒரு வார்த்தை மாற்றினேன். அதை வைத்து வந்த கட்டுரையில் என் பெயர் நன்றிப் பகுதியில், ப்ரூஃப் படித்தவருக்கு அடுத்து. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எம்.எஸ்சி. இரண்டாமாண்டு

எல்லோருக்கும் வணக்கம். படித்ததும் பயமாகிவிட்டது. ப்ராஜெக்டில் என் எலக்ட்ரான்களும் சூடாகின்றன. ஆனால் கட்டம் டிபை நீளத்தில் பாதிதான். கால இடைவெளியை அலைவெண்ணால் பெருக்கினால் 0.1. இரண்டும் சரிதானே?

பழைய ஃபார்ட்ரான்

72-ஆவது இடத்தைப் பாருங்கள்.

எம்.எஸ்சி. இரண்டாமாண்டு

பைத்தான் ஐயா.

திரி தொடங்கியவர்

இரண்டும் சரிதான். ஒரு கட்டத்துக்கு எத்தனை துகள் வைத்திருக்கிறீர்கள்?

எம்.எஸ்சி. இரண்டாமாண்டு

8. லேப்டாப் தாங்கவில்லை.

திரி தொடங்கியவர்

குறைவுதான். 80 வைத்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சூடாகும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அது எண்ணிக்கை போதாமல் வரும் இரைச்சல். குறையாவிட்டால் இங்கே வந்து சொல்லுங்கள், கட்டுரைக்குத் தலைப்பு மட்டும் இப்போதே வைத்துவிடாதீர்கள்.