இரண்டு ரிலேயில் ஒரு போக்குவரத்து விளக்கு

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போக்குவரத்து விளக்கு செய்யப் பொருள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் எல்லாம் தயாராக இருந்த சிறு பலகை ஒன்றை நீட்டினார். "ஐந்து நிமிட வேலை, மேடம்." உண்மைதான். ஆனால் விளக்கு ஏன் மாறுகிறது என்ற காரணம் அந்தப் பலகையில் உள்ள சில்லுக்குள் ஒளிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லி, 12 வோல்ட் சிறு ரிலே இரண்டு வாங்கினோம்.

ரிலேக்குள் ஒரு சுருளும் ஒரு தகடும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் ஓடினால் தகடு ஒரு முனையைத் தொடும். நின்றால் மற்றதைத் தொடும். இரண்டையும் ஒருசேரத் தொட அதனால் முடியாது. எங்கள் மின்சுற்று முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது.

அடாப்டரின் மின்சாரம் முதல் ரிலேயின் தகட்டுக்குப் போகிறது. சுருள் இழுத்தால் பச்சை எரியும். விட்டால் மின்சாரம் இரண்டாம் ரிலேயின் தகட்டுக்குப் போகும். அந்த ரிலே இழுத்திருந்தால் மஞ்சள், விட்டுவிட்டால் சிவப்பு. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

சுவிட்ச் ஒன்றுதான், அது இரண்டு சுருள்களுக்கும் சேர்த்து மின்சாரம் தருகிறது. அப்படியானால் மஞ்சள் எப்படி வரும்? இரண்டாம் சுருளுக்குக் குறுக்கே 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறோம். சுவிட்சை விட்டதும் முதல் ரிலே உடனே விழுகிறது; இரண்டாவது, கெப்பாசிட்டரில் சேர்ந்த மின்னேற்றம் தீரும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறது. மல்டிமீட்டரில் சுருள் சுமார் 400 ஓம் காட்டியது. மின்னேற்றம் தீர ஆகும் நேரத்தைத் தோராயமாக அறிய, 400-ஐ 4700 மைக்ரோஃபாரட்டால் (அதாவது 0.0047 ஃபாரட்டால்) பெருக்கினால் ஏறக்குறைய 1.9 விநாடி. மஞ்சளும் சுமார் இரண்டு விநாடி நின்றது! காகிதத்தில் போட்ட கணக்கு கண்ணெதிரே எரிந்ததைப் பார்த்து அவள் துள்ளியதை என்னால் மறக்க முடியாது.

செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுவிட்சுக்கும் இரண்டாம் சுருளுக்கும் நடுவே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் முதல் ரிலேயையும் பிடித்துவைக்கும்; பச்சை உடனே அணையாது, மஞ்சள் வராது. கெப்பாசிட்டரின் நேர்முனை, எதிர்முனை மாறவே கூடாது.

கண்காட்சியில் ஆசிரியை ஒருவர், "பச்சையும் சிவப்பும் சேர்ந்து எரிந்துவிட்டால்?" என்று கேட்டார். மகள் முதல் ரிலேயைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தகடு ஒன்றுதானே மிஸ், இரண்டு பக்கமும் எப்படிப் போகும்?" என்றாள்.

*

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகளுக்கு என் அன்பான வாழ்த்துகள், அம்மா. எங்கள் வேலையும் இதே ரிலேக்களோடுதான். தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் அந்த மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் அதே சிவப்புதான். பழுது எதுவானாலும் ரயிலை நிறுத்துகிற பக்கமே விழ வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. உங்கள் மின்சுற்றிலும் அந்த விதி இருக்கிறது. சுவிட்சிலிருந்து சுருள்களுக்குப் போகும் கம்பியைக் கழற்றிப் பாருங்கள்.

*

இப்போதுதான் கழற்றிப் பார்த்தோம், ஐயா. மஞ்சள் வந்து சிவப்பில் நின்றது. அடுத்த மாதம் வட்டார அளவிலான கண்காட்சி இருக்கிறது. அங்கே வருபவர்கள் கையாலேயே கம்பியைக் கழற்றச் சொல்லப்போவதாக மகள் சொல்கிறாள்.