‘நூல் வௌியீட்டு விழா’: இலவச மென்பொருள்காரரிடம் நான் போட்ட சண்டை

அச்சுக்கோப்பு, திருவல்லிக்கேணி

2019 டிசம்பர். புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதம் டிடிபி கடைக்காரனுக்குத் தூக்கம் கிடையாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்த ஒரு நாவலையும் அதன் அழைப்பிதழையும், இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைத்த கட்டற்ற மென்பொருள் ஒன்றில் போட்டேன். பத்து விநாடியில் முடிந்தது. அழைப்பிதழை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஐந்நூறு கார்டும் வந்து இறங்கிய பிறகுதான் பார்க்கிறேன், ‘நூல் வௌியீட்டு விழா’. ‘வெ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வௌ’.

அன்றிரவே, அந்த மென்பொருளின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ, அதாவது புகார், போட்டேன்: “ஒழுங்கா செய்யத் தெரியாதவங்க எதுக்கு ஊருக்குக் கொடுக்கறீங்க? நஷ்டத்த யார் தருவா?”

மறுநாள் அதை எழுதியவரிடமிருந்து பதில் வந்தது. “மன்னிக்கணும் சார். பாமினியில ஔகாரத்தோட பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்துதான். கெட்டுப்போன பக்கம் ஒண்ணு அனுப்ப முடியுமா?” நான் அனுப்பவில்லை. தினமும் ‘எப்போ முடியும்?’ என்று ஒரு வரி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே கடைக்கு வந்து நின்றார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து, பறக்கும் ரயில் மாறி, தோளில் லேப்டாப் பையோடு. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, ராத்திரியில்தான் இதற்கு உட்காருவாராம். என் மேசையிலேயே ஒரு விதி எழுதினார்: ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ வந்தால் அது ஔகாரம் இல்லை. வெளியீடு, வெள்ளி, தெளிவு எல்லாம் நேராகின. ஆனால் நாவலில் நம்ம ஊர்ப் பேச்சு நிறைய. ‘கெளம்புடா’ மட்டும் ‘கௌம்புடா’வாகவே நின்றது. கௌதமனுக்கும் கெளம்புடாவுக்கும் பாமினியில் தொடக்கம் ஒன்றுதான், மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. “இதுக்குச் சொல் பட்டியல்தான் வழி சார். அது புரூஃப் பாக்கற உங்ககிட்டதான் இருக்கு” என்றார். நூற்றுச் சொச்சம் சொற்கள் எழுதிக் கொடுத்தேன்.

பிழையைச் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புரூஃப் பார்க்காமல் அச்சுக்கு விட்டது என் தப்பு. கூலிக்கு வைத்த ஆளை அதட்டுவதுபோல அவரிடம் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. கூலிக்கு வந்தவரிடம்கூட அப்படிப் பேசக் கூடாது.

ஓஎம்ஆர் வாசி

எனக்கும் இப்படி ஒன்று உண்டு. 2021 டிசம்பர், லாக்4ஜே என்ற கட்டற்ற ஜாவா நிரலில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியான வாரம். மேனேஜர், “வெண்டாருக்கு மெயில் போடு, திங்கக்கிழமை காலைல பதில் வேணும்” என்றார். வெண்டார் யார் என்று தேடினால், அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் தன்னார்வலர்கள். 2.15, 2.16, 2.17 என்று அந்த மாதத்துக்குள் அடுத்தடுத்து திருத்தம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி அவர்களுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. தெரிந்தும் அந்த மெயிலை அனுப்பினேன். அடுத்த மாதம், கர்ல் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்குக்கும் ஒரு பெரிய நிறுவனம் 24 மணி நேரக் கெடு வைத்துக் கேள்வித்தாள் அனுப்பியது என்று படித்தபோது கூசிப்போனேன்.

விசைப்பலகை, பெரம்பூர்

மறுபக்கத்திலிருந்து ஒன்று. ஒரு சின்னத் தமிழ் விசைப்பலகைச் செயலியைத் தனியாளாகப் பராமரிக்கிறேன். போன வருடம் நான்கு மாதம் கை வைக்க முடியவில்லை. ‘செத்துப்போச்சா?’ என்று ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. அப்போது முன்பின் தெரியாத ஒருவர், “நான் பாத்துக்கறேன், புதுப் பதிப்பு வெளியிடற டிஜிட்டல் சாவியக் கொடுங்க” என்று அன்பாக எழுதினார். இருந்த சோர்வில் கொடுக்கத்தான் போனேன்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கட்டற்ற மென்பொருளின் கதை ஞாபகம் வந்தது. 2022இல் அதைப் பராமரித்தவரை ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று சிலர் நெருக்கினார்கள். சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை இது, மனநலமும் சரியில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கூட உதவிக்கு வந்தவர் கைக்குப் பொறுப்பு போனது. 2024 மார்ச்சில், கள்ளத்தனமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்றை அவர் அதற்குள் வைத்திருந்தது தெரிந்தது. லாகின் அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால்தான் பிடிபட்டது.

எனக்கு எழுதியவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் என் செயலியில் மக்கள் பாஸ்வேர்டும் அடிக்கிறார்கள். சாவியைக் கொடுக்கவில்லை. விமர்சனங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.