அழாத பிள்ளை, பிறவித் தைராய்டு குறைவு: உங்களுக்கு மறக்காத நாள் எது?

அம்மாபேட்டை அம்மா:
மகளுக்கு இப்போ 4 வயசு. பிறந்தப்பவே தைராய்டு குறைவு. எனக்கு நெஞ்சுல நிக்கிறது 11-வது நாள். தொட்டில்ல போட்டா எழவே மாட்டா, பாலுக்கு உள்ளங்காலைச் சுண்டித்தான் எழுப்பணும். மஞ்சள் காமாலை வேற இறங்கல. பார்க்க வந்த பெரியம்மா, "அழுகையே இல்ல, என்ன சமத்து! நீ கொடுத்து வச்சவடி"ன்னு திருஷ்டி கழிச்சுட்டுப் போனாங்க. நானும் பூரிச்சுப் போனேன். அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியல. மறுநாள் போன் வந்துச்சு, குதிகால்ல எடுத்த ரத்தத்துல டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைஞ்சா ஏறுற ஹார்மோன்) 100க்கு மேல. 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை, தினம் ஒன்றரை. பத்து நாள் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வீடே அதிர அழுதா. இவர் லைட்டைப் போட்டுட்டு சிரிக்கிறார்.

நாகலூர்க்காரன்:
எனக்கு 36. அப்ப ஏற்காட்டுல குதிகால் டெஸ்ட்டெல்லாம் ஏது? நாக்கு வெளிய தள்ளி, தொப்புள் புடைச்சு, அஞ்சு மாசத்துல 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துல காட்டினாங்களாம். மருந்து அவ்ளோ லேட்டானதுல, கணக்கு இன்னிக்கும் எனக்கு வராது. மாமா பொண்ணைக் கட்டினேன், பையனுக்கும் வந்துடுச்சு. காலையில வெறும் வயித்துல ஆளுக்கொரு மாத்திரை. போன மாசம் சொல்றான்: "பக்கத்து வீட்டு அங்கிளுக்கு மாத்திரையே கிடையாதாம்ப்பா. பாவம்."

செவ்வாய்ப்பேட்டை:
மாமா பொண்ணு மேல பழியைப் போடாதீங்க. பெரும்பாலும் சுரப்பி சரியா உருவாகாம, இல்ல இடம் மாறி இருக்கும். அது சொந்தத்தால வர்றது இல்ல. சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்யாத வகைதான் சொந்தத்துல கட்டினா கூடும். ஸ்கேன்ல எதுன்னு பார்த்தீங்களா? அப்புறம், சின்னக் குழந்தைக்கு மாத்திரையை நசுக்கி ஒரு ஸ்பூன் தாய்ப்பால்ல குடுங்க. பாட்டில் பால்ல கலக்கினா, மிச்சம் வைக்கிற பாலோட மருந்தும் போச்சு. இரும்புச் சத்து, கால்சியம் டானிக்கெல்லாம் 4 மணி நேரம் தள்ளி. சோயா பாலும் மருந்தோட சேர்ந்தா ஆகாது. டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது. என் பையனுக்கு 3 வயசுல டாக்டரே நிறுத்திப் பார்த்தார். தட்டுவடை செட் வாங்கித் தர்றேன்னு ஏமாத்தி ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனேன். டிஎஸ்ஹெச் ஏறியிருந்துச்சு. அவ்ளோதான்.

அம்மாபேட்டை அம்மா:
சார், மருந்து குடுக்கிற விதம் நாலு வருஷமா எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது பெரியம்மாவை. ஞாயித்துக்கிழமை திரும்ப வந்திருந்தாங்க. இவ அரிசி டப்பாவைக் கூடம் பூரா கொட்டிட்டு, அது மேல சறுக்கிட்டிருக்கா. பெரியம்மா மூக்குல விரலை வச்சு, "கைக்குழந்தையில எவ்வளவு சமத்தா இருந்தா இவ"ங்கறாங்க.