நியூயார்க் ரென்ட் ஸ்டெபிலைஸ்டு (வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு உள்ள) வீடு: பாய்லர் மாற்றியதற்கு எம்.சி.ஐ. (கட்டடத்தின் பெரிய மேம்பாட்டுச் செலவுக்கான) வாடகை உயர்வு, கணக்கு சரியா?

கயல்: குயின்ஸ்ல 40 வீடு, மொத்தம் 150 அறை இருக்கிற கட்டடம். வீடுகளைச் சூடாக்குற புது பாய்லருக்கு 1,80,000 டாலர், லாபியை அழகுபடுத்தினதுக்கு 30,000 டாலர்னு ஓனர் எம்.சி.ஐ. விண்ணப்பம் போட்டிருக்கார். டி.எச்.சி.ஆர். (மாநில வீட்டுவசதித் துறை) நோட்டீஸ் வந்திருக்கு. நாங்க 4 அறை, வாடகை 1,450 டாலர். அடுத்த மாசத்துல இருந்து 52 டாலர் கூடக் கட்டச் சொல்றாங்க. கட்டணுமா?

மாறன்: இப்போ கட்டாதீங்க. டி.எச்.சி.ஆர். உத்தரவு வராம ஒரு டாலர்கூட வசூலிக்க முடியாது. அந்த 52 எப்படி வந்ததுன்னா, லாபியையும் சேர்த்து 2,10,000ஐ பழைய 9 வருஷ (108 மாச) கணக்குல வகுத்திருக்காங்க. 2019 ஜூன்ல வந்த வாடகைச் சட்டத்துக்கு அப்புறம், 35 வீட்டுக்கு மேல இருந்தா 150 மாசம். 35 வரைக்கும் 144. வெறும் அலங்கார வேலைக்கு எம்.சி.ஐ. கிடையாது, லாபி அடிபடும்.

1,80,000 ÷ 150 மாசம் = 1,200. அதை 150 அறையால வகுத்தா அறைக்கு 8 டாலர், உங்களுக்கு 32. ஆனா வருஷத்துக்கு வாடகையில 2% தான் உச்சவரம்பு. அதனால முதல் வருஷம் 29, மீதி 3 அடுத்த வருஷம். 30 வருஷம் கழிச்சு இந்த உயர்வு வாடகையிலிருந்து நீங்கணும்.

தேன்மொழி: அறை எண்ணிக்கையை நம்பிடாதீங்க, தப்பு அதிகம் நடக்கிற இடமே அதுதான். ஸ்டெபிலைஸ்டு அல்லாத வீடுகளும் அந்த 150 அறைக் கணக்குல இருக்கணும். விட்டுட்டா உங்க பங்கு ஏறும். பாத்ரூம் அறைக் கணக்குல வராது. கட்டடத்துல கட்டுப்பாட்டு வாடகை வீடுகள் 35% அல்லது அதுக்குக் கீழேன்னா விண்ணப்பமே செல்லாது.

கயல்: நன்றிங்க. நோட்டீஸுக்கு அனுப்புற பதில்ல என்ன எழுதணும்?

மாறன்: 60 நாள் இருக்கு, நோட்டீஸ்ல இருக்கிற டாக்கெட் நம்பரை (வழக்கு எண்) போட்டு முழு விண்ணப்பத்தையும் கேட்டு வாங்குங்க. ஒப்பந்தம், பில், பணம் போன காசோலை மூணும் ஒத்துப்போகணும். வேலை முடிஞ்சு 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சிருக்கணும். எச்.பி.டி. (நகர வீட்டுவசதித் துறை) தளத்துல முகவரி போட்டு பி (அபாயமான), சி (உடனடி அபாயமான) வகை வயலேஷன் (விதிமீறல்) இருக்கான்னு பாருங்க. தீர்க்காம இருந்தா ஒப்புதல் தர முடியாது. புது பாய்லர் வந்தும் குளிருதா? அக்டோபர் 1 முதல் மே 31 வரைக்கும், பகல்ல வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனா உள்ளே 68 இருக்கணும். தெர்மாமீட்டர் படத்தை தேதி நேரம் தெரியுற மாதிரி எடுத்து, 311-ல (நகர நிர்வாகத்தின் புகார் தொலைபேசி) கொடுத்த புகாரின் எண்ணோட இணைங்க. வீடு வீடா தனித்தனியா எழுதாம, எல்லாரும் சேர்ந்து ஒரே பதிலா அனுப்பினா வலு.

தேன்மொழி: 62 வயசு அல்லது அதுக்கு மேல ஆனவங்க, குடும்ப வருமானம் 50,000 டாலருக்குள்ள, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல வாடகைக்கே போகுதுன்னா உடனே ஸ்க்ரீ (மூத்த குடிமக்களுக்கான வாடகை உயர்வு விலக்கு) விண்ணப்பம் போடச் சொல்லுங்க, எம்.சி.ஐ.யும் அதுல அடங்கும். உத்தரவு பாதகமா வந்தா, அது வெளியான தேதியிலிருந்து 35 நாளுக்குள்ள டி.எச்.சி.ஆர்.ல ‘பார்’ (நிர்வாக மறுஆய்வு மனு) மேல்முறையீடு போட்டுடணும்.