மைசூருக்கு மூணு நாள்: எத்தனை இடம் பாக்கலாமுங்க?

கோபி மாப்பிள்ளை:
வணக்கமுங்க. தை கடைசில கல்யாணம். வெள்ளிக்கிழமையோட மறுவீடு, சீரு எல்லாம் முடிஞ்சிரும். சனி, ஞாயிறு, திங்கள் நானும் வீட்டுக்காரம்மாவும் எங்க கார்லயே மைசூர் போறோம். செவ்வாய் காலைல காங்கேயத்துல மாமனார் வீட்டு விருந்து. அதுக்கு வந்தே ஆகோணும்.

போட்டிருக்கற திட்டம் இதுதானுங்க. சனி வெடியக்காலம் 4 மணிக்குக் கெளம்பி பண்ணாரி கும்பிட்டு நஞ்சன்கூடு கோயில், மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பொழுதோட பிருந்தாவனம். ஞாயிறு ஸ்ரீரங்கப்பட்டணம், ரங்கன்திட்டு பறவைகள் சரணாலயம், சோமநாதபுரம், தலக்காடு, சிவசமுத்திரம், ராத்திரி அரண்மனை விளக்கு. திங்கள் குடகு போயிட்டு அப்படியே ஊரு திரும்பறது. ஏதாவது விட்டுப்போயிருந்தாச் சொல்லுங்க.

சத்தி வேன்காரர்:
தம்பி, 4 மணிக்குக் கெளம்புனா பண்ணாரி செக்போஸ்ட்ல போய் வரிசைல நிக்கோணும். புலிகள் காப்பகம்ங்கறதால ராத்திரி 9 மணியிலருந்து காலைல 6 வரைக்கும் திம்பம் மலைல வண்டி விடமாட்டாங்க. அஞ்சு மணிக்குக் கெளம்புங்க, அம்மனைக் கும்பிட்டுட்டு வர, செக்போஸ்ட் கேட்டு தெறக்கறதுக்குச் சரியா இருக்கும்.

வர்றப்பவும் அதே கேட்டுத்தான். குடகுல மடிக்கேரியிலருந்து மைசூரே மூணு மணி நேரம். மைசூரிலருந்து திம்பம் இன்னும் ரெண்டரை மணி நேரம். அதுவும் காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை ரோட்டுல வந்து நின்னுதுன்னா அது போற வரைக்கும் யாரும் நகர முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்க, குடகுல மதியம் ஒரு மணிக்கு மேல நிக்க முடியாது. காலைல பதினொண்ணுக்குப் போய்ச் சேந்து ஒண்ணுக்குத் திரும்பறதுக்கா அத்தனை தூரம்? செவ்வாய் விருந்து இருக்கறப்ப திங்கள் குடகு வேண்டவே வேண்டாம்.

பவானி தறிக்காரன்:
குடகை விடச் சொன்னது சரி. ஆனா அடுத்து வர்றவங்க அதைச் சாக்கா வெச்சு மத்த எடத்தையும் வெட்டச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்றேன். கொழந்தை வந்துரும், அப்பாவுக்கு மேலுக்குச் செரியில்லாமப் போயிரும், தோட்டத்துல மோட்டார் ஓடாது. எங்கம்மாகிட்ட எங்கப்பா "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு சொன்ன எடம் ஒண்ணுகூட அம்மா பாக்கலை. மூணு நாள் சோலிக்கு லீவு கெடைக்கறதே பெருசு. காலைல ஆறு மணிக்கு ரூமை விட்டுக் கெளம்புனா அத்தனையும் பாத்துரலாம். அலுப்பை ஊருக்கு வந்து பாத்துக்கலாம்.

காங்கேயம் அக்கா:
பவானி அண்ணா, உங்க அம்மாவைப் பத்திச் சொன்னது மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு. ஆனா இந்தப் பொண்ணு எந்த நெலமைல கார்ல ஏறுதுன்னு ஒருத்தரும் யோசிக்கலையே. நம்ம கல்யாணத்துல முந்தின நாள் ராத்திரியிலருந்தே சீருதான். இணைச்சீரு, மணவறை, அப்புறம் மறுவீடு. பொண்ணுக்கு ஒரு ராத்திரி முழுசா ஒறக்கம் இருக்காது. அது முடிஞ்ச மறுநா வெடியால எழுப்பி 27 கொண்டை ஊசி வளைவு ஏத்தி, நஞ்சன்கூட்டுல எறக்கி, மிருகக்காட்சி சாலைல நடக்கவெச்சு, மலைக்கும் ஏத்துவாங்களாமா? மிருகக்காட்சி சாலை ஒண்ணுக்கே மூணு மணி நேரம் நடக்கோணும். பேட்டரி வண்டில போனாலும் வரிசைல நிக்கோணும்.

ஞாயித்துக்கெழமைத் திட்டத்துல தெசையே ஒட்டலை தம்பி. ஸ்ரீரங்கப்பட்டணமும் ரங்கன்திட்டும் மைசூருக்கு வடக்க. சோமநாதபுரம், தலக்காடு, சிவசமுத்திரம் கெழக்க. ரெண்டையும் ஒரே நாள்ல போட்டா கார்லதான் ஒக்காந்திருப்பீங்க. அதுவும் சிவசமுத்திரம் அருவில ஆடி, ஆவணில தண்ணி வர்றதைப் பாக்கோணும். தை கடைசில பாறையப் பாத்துட்டு வருவீங்க.

என்னைக் கேட்டா ஒரு நாளைக்கு ரெண்டு எடம். மத்தியானம் ரூமுக்கு வந்து படுக்கோணும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிக்கறதுக்குத்தான் இந்த மூணு நாள். நிச்சயம் பண்ணி மூணு மாசம் போன்ல பேசுனது வேற, ஒண்ணா ஒக்காந்து டிபன் சாப்படறது வேற.

பவானி தறிக்காரன்:
ரூம்ல ஒறங்கறதுக்கு மைசூர் எதுக்குங்க அக்கா? காங்கேயத்துலயே ஒறங்கலாம். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிக்கறதும் வழிலதான் நடக்கும். பசில எப்படி இருக்காங்க, வழி தப்புனா எப்படி இருக்காங்கன்னு கார்லதான் தெரியும்.

பிருந்தாவனத்தை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம். எங்க கூடுதுறைக்கு வர்ற காவேரி, அந்தத் தோட்டத்தை ஒட்டியிருக்கற கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தாண்டித்தான் மேட்டூருக்கு வருது. பொழுது எறங்குனதும் நீரூத்துல வெளக்குப் போட்டா அதை நின்னு பாக்கோணும்.

பொள்ளாச்சி தென்னை:
ரெண்டு பேரும் எடத்தை எண்ணறீங்க. நான் மணியைப் பாக்கச் சொல்றேன். மைசூர்ல சில எடம் நம்ம வசதிக்குத் தெறக்காது. அரண்மனை வெளக்கு ஞாயித்துக்கெழமையும் அரசு விடுமுறை நாள்லயும் போடுவாங்க. ராத்திரி 7 மணிக்குப் போட்டா கொஞ்ச நேரத்துல அணைச்சிருவாங்க. பிருந்தாவனத்து நீரூத்தும் கிட்டத்தட்ட அதே நேரந்தான், எடையில 20 கிலோமீட்டர் தூரம். அதனால ஞாயிறு பொழுதோட அரண்மனைன்னு முதல்ல எழுதிக்குங்க. பிருந்தாவனம் சனிக்கெழமை. மீதியை அதுக்கு நடுவால அடுக்கோணும்.

அரண்மனைக்கு உள்ள போறதை ஞாயித்துக்கெழமை வெக்காதீங்க, கூட்டத்துல தள்ளிட்டே வெளிய விட்டுருவாங்க. திங்கள் காலைல 10 மணிக்குக் கதவு தெறக்கறப்ப நில்லுங்க. பழைய மர அரண்மனை 1897ல ராஜா வீட்டுக் கல்யாணத்தப்ப தீப்புடிச்சு எரிஞ்சுபோச்சு. இப்ப இருக்கறது ஹென்றி இர்வின் வரைஞ்சு 1912ல முடிச்சது. உள்ள கல்யாண மண்டபம்னு ஒண்ணு இருக்குதுங்க, எட்டுப் பட்டை. அண்ணாந்து பாத்தா மயில் போட்ட வண்ணக் கண்ணாடிக் கூரை. புதுசாக் கல்யாணம் ஆனவங்க அங்க அரை மணி நேரம் நிக்கோணும். அஞ்சு எடம் பாக்கறதுக்கு ஓடுனா அந்த அரை மணி நேரம் கெடைக்காது.

சத்தி வேன்காரர்:
பொள்ளாச்சிக்காரர் சொல்றதுதான் நான் சவாரி கூட்டிட்டுப் போறவங்களுக்கும் சொல்றது. சாமுண்டி மலையைச் சனிக்கெழமை மத்தியான வெயில்ல வெக்காதீங்க. ஞாயிறு காலைல நேரமே ஏறிட்டு எறங்கீருங்க. எறங்கற வழில பெரிய நந்தி, ஒரே கல்லுல செஞ்சது. காரை அங்கயே நிறுத்திப் பாக்கலாம், படி ஏறோணும்னு இல்லை.

இன்னொண்ணு. அந்தப் பொண்ணுக்கு மலைப்பாதை ஒத்துக்குமான்னு கேட்டீங்களா? திம்பத்துல மொதல் பத்து வளைவுக்குள்ளயே தெரிஞ்சிரும். ஒத்துக்கலைன்னா அன்னைக்கு நஞ்சன்கூடு மட்டும் போதும், அதுவும் மத்தியானம் நடை சாத்தறதுக்கு முன்னால.

கோபி மாப்பிள்ளை:
எல்லாத்துக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி அவங்ககிட்டயே இந்தப் பட்டியலைப் படிச்சுக் காட்டுனேன். மிருகக்காட்சி சாலை வேண்டாங்கறாங்க. தேவராஜா மார்க்கெட்டுல மல்லி வாங்கோணுமாம். ஆனா சோமநாதபுரத்தை மட்டும் விடவே கூடாதுங்கறாங்க. காலேஜ்ல வரலாறு படிச்சவங்க. பதிமூணாம் நூற்றாண்டுல ஒய்சளர் காலத்துல கட்டுன கேசவர் கோயில், நட்சத்திர வடிவ மேடை மேல மூணு கருவறைன்னு போன்லயே வெளக்கிச் சொன்னாங்க. எனக்கு அது பட்டியல்ல ஒரு பேரா மட்டுந்தான் இருந்துச்சு.

காங்கேயம் அக்கா:
அப்ப ஸ்ரீரங்கப்பட்டணம், ரங்கன்திட்டு ரெண்டையும் எடுத்துருங்க தம்பி. ஞாயிறு காலைல மலை, அங்கருந்து சோமநாதபுரம். அந்தச் செதுக்கு வேலையை அவங்க ஒவ்வொண்ணாக் காட்டுவாங்க, அவசரப்படுத்தாமக் கேளுங்க. மூணு மணிக்கு ரூமுக்கு வந்துருங்க. சனிக்கெழமை பிருந்தாவனம்கூட அவங்களுக்கு அலுப்பு இல்லைன்னாத்தான்.

பவானி தறிக்காரன்:
சோமநாதபுரம் வரைக்கும் போனா தலக்காட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரந்தானுங்க. மணலுக்குள்ள பொதைஞ்ச கோயிலு. வரலாறு படிச்ச பொண்ணு அதையும் பாக்கோணும்னு ஆசைப்படாதா? ரங்கன்திட்டையும் நான் விடமாட்டேன். தை, மாசில பறவை கூடு கட்டற காலம், படகுல போனா முதலையும் பாக்கலாம். இத்தனையும் விட்டுட்டு வந்தா மனசு ஆறாது. நான் சொல்றது சொன்னதுதான்.

சத்தி வேன்காரர்:
தலக்காட்டு மணல்ல கோயில் கோயிலா நடக்கோணும், ரெண்டு மணி நேரம் ஓடிரும். அதை முடிச்சுட்டு வந்தா ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அரண்மனைப் பக்கம் காரை நிறுத்த எடம் கெடைக்காது. ஆறு மணிக்கெல்லாம் காரை ரூம்லயே போட்டுட்டு ஆட்டோல போங்க. திங்கள் அரண்மனை, மார்க்கெட்டு முடிச்சு சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு மைசூரை விட்டீங்கன்னா, யானை நின்னாலும் ஒம்பதுக்கு முன்னால பண்ணாரி எறங்கிரலாம். அந்தம்மா மல்லி வாங்கறப்ப மட்டும் மணி பாத்துட்டு நிக்காதீங்க தம்பி, அதுக்கும் சேத்துத்தான் மூணு மணின்னு சொல்றேன்.