உருளைக் கட்டுக்கு மேல தார்ப்பாய் போட்டா போதுமா?

மேட்டுநிலம்:
"மேல தார்ப்பாய் போட்டுட்டா மெஷின்ல சுருட்டிக் கட்டின காய்ஞ்ச புல் உருளையை வெறுந்தரையில வைக்கலாம், ஒண்ணும் ஆகாது"ன்னு கயித்துக்கட்டு எழுதியிருக்கார். படிச்சதும் எரிச்சல்தான் வந்தது. தரை ஈரத்தை அடிப்பக்கம் உறிஞ்சும். அங்கே வெயிலும் படாது, காத்தும் போகாது. கையை விட்டுப் பாருங்க, புல் வெள்ளைப் பூஞ்சை பூத்து அட்டையா ஒட்டிக்கிட்டு வரும். 10-15 செ.மீ. உயரத்துக்குப் பெரிய ஜல்லி கொட்டணும், இல்லேன்னா மரத்தட்டு, பழைய டயர். மணல் வேண்டாம், ஈரம் ஏறும்.

கயித்துக்கட்டு:
மழை மேலிருந்துதானே பெய்யுது? 1.5 மீ. விட்டம், 1.5 மீ. நீளம் உள்ள உருளை மேல 25 மி.மீ. மழைன்னா 56 லிட்டர் தண்ணி. உங்க தரை அவ்வளவு குடுக்குமா?

மேட்டுநிலம்:
அந்தத் தண்ணி தார்ப்பாய் ஓரமா வழிஞ்சு எங்கே போகும்? அடிக்குத்தான்! சுத்தி 15 செ.மீ. கெட்டாலே உங்க உருளையில 36 சதவீதம் போச்சு.

பேலர்தம்பி:
அண்ணே, அது கன அளவுக் கணக்கு. 1.2 மீ. விட்டம்னா 44 சதவீதம் ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் எதைக் கெட்டதுன்னு சொல்றீங்க? கறுத்துப்போன புல்லா, மாடு ஒதுக்குறதா, எடைக் குறைவா?

கயித்துக்கட்டு:
கணக்கு கிடக்கட்டும் தம்பி. மழை மேலிருந்துதான் வருது.

வலைக்காரர்:
சணல் கயிறு கட்டுறவர் வேற என்ன சொல்வார்? அடியில கயிறு இத்துப்போனா உருளை தளர்ந்து சப்பையா உட்காரும், தரையில படுற பரப்பு இன்னும் கூடும். கயித்துக்குப் பதிலா உருளை மேல சுத்துற பிளாஸ்டிக் வலையை ரெண்டு மூணு சுத்து சுத்துங்க, மழை வழிஞ்சு ஓடிடும்.

கயித்துக்கட்டு:
அந்த வலையைச் சரியாப் பிரிக்காமப் போட்டா மாட்டு வயித்துல சேருமே, அதைப் பத்தி வாயே திறக்க மாட்டீங்களே! போன தடவையும் இப்படித்தான் நடுவுல புகுந்து வலை விக்கிற பேச்சு பேசினீங்க.

வலைக்காரர்:
நான் வலை விக்கிறவன் இல்ல. வார்த்தையை அளந்து பேசுங்க.

மேட்டுநிலம்:
வலைச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. அடுக்குற முறையையே இங்கே யாரும் பேசல. தட்டை முகத்தோட தட்டை முகம் இடைவெளி இல்லாம முட்டணும். வளைஞ்ச பக்கம் ஒண்ணோட ஒண்ணு தொடவே கூடாது, தொடுற இடத்துல தண்ணி நின்னு உள்ளே இறங்கும். வரிசைக்கு வரிசை 1 மீட்டர் விடுங்க. வடக்கு-தெற்கா ஓட்டினா ரெண்டு பக்கமும் வெயில் படும். சரிவா இருந்தா மேலிருந்து கீழா வரிசை போகணும், குறுக்கே போட்டா அணை கட்டின மாதிரி தண்ணி தேங்கும். மர நிழல் ஆகாது. கோபுரமா அடுக்கிட்டு மூடாம விடுறது எல்லாத்தையும் விட மோசம். கட்டும்போதே ஈரம் 18 சதவீதத்துக்கு மேல இருந்தா உடனே மூடாதீங்க, ஈரப் புல் உள்ளே தானா சூடாகும், அது தணியட்டும். உள்ளே 65 டிகிரி செல்சியஸ் தொட்டா தினமும் பாருங்க, 80ன்னா தீப்பிடிக்கிற கட்டம். மூடினாலும் ரெண்டு முனையும் திறந்திருக்கணும், இல்லேன்னா உள்ளேயே வேர்த்து நனையும். இவ்வளவும் செஞ்சுட்டு வெறுந்தரையில வச்சா அடி அழுகும்.

கயித்துக்கட்டு:
மேட்டு நிலத்துல வச்சா அழுகாது. மழை மேலிருந்துதான்.

மேட்டுநிலம்:
மேட்டுலயும் மண் ஈரம் உண்டு. உருளையைப் புரட்டி அடியைப் படம் எடுத்துப் போடுங்க, பேசலாம்.

பேலர்தம்பி:
எடையா, கன அளவா? இன்னும் யாருமே சொல்லல.

வலைக்காரர்:
படத்துல கயிறும் தெரியணும்.