அட்டை என்றதும் காலைத் தூக்கினேன்

பொகவந்தலாவைக்காரர்:

கள ஆய்வுக்குப் போய்ப் பட்ட பாட்டை எல்லோரும் சொல்கிறீர்கள், சரி, என் கதையையும் சொல்கிறேன். மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இருபத்திரண்டு வயது வரை கடலைப் பார்த்தது ஒரே தடவை, கொழும்பு காலிமுகத்திடலில். கம்பஸில் கூடப் படித்த யாழ்ப்பாண நண்பனின் கடற்கரை உயிரினங்கள் பற்றிய ஆய்வுக்கு ஆள் தேவைப்பட்டது, போனேன். குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. வழியில் வாந்தி எடுத்ததை விட்டுவிடுகிறேன்.

கடல் வற்றும்போது கரை மேட்டிலிருந்து நீர் வரை கயிறு கட்டி, அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் எண்ண வேண்டும். நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே கங்காணி நிலவு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். வற்றும் நேரமும் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும்.

நன்றாக வற்றும் என்றாலும், நம் நாட்டில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மேலே காய்ந்த கல்லில் சின்ன நத்தைகள், கீழே கல்லில் ஒட்டிக்கிடக்கும் ஓட்டுயிரான கொட்டலசு, அதற்கும் கீழே பாசி. தாழ்நிலம், இடைநிலம், மேட்டுநிலம் என்று தேயிலையைப் பிரிக்க நமக்கு 4000 அடி வேண்டும். அங்கே முழங்கால் உயரத்துக்குள் மூன்றும் முடிந்துவிட்டது!

இரண்டாம் நாள் நண்பன், "டேய், அட்டை! பார்த்துக் கால் வை" என்றான். துள்ளிக் குதித்தேன். பாசி வழுக்கி, கொப்பியோடு தண்ணீரில் விழுந்தேன். பென்சிலில் எழுதியிருந்ததால் எண்கள் தப்பின. நமக்கு அட்டை என்றால் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குக்குள் ஏறி இரத்தம் குடிப்பதுதானே, உப்பைப் போட்டால் சுருண்டு விழும். இந்தக் கடலட்டையோ உப்புத் தண்ணீரிலேயே கறுத்த பீர்க்கங்காய் மாதிரி கிடக்கிறது. கடிக்காது. நட்சத்திர மீனுக்கு உறவாம், மணலை விழுங்கி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும். காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், நெடுந்தீவில் யாரும் தின்று நான் பார்க்கவில்லை.

கூம்பு மாதிரி ஓர் அழகான சங்கை எடுக்கப் போனபோது வலை உலர்த்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கத்தினார்: "தம்பி, உதைக் கையால தொடாதை!" உயிரோடு இருந்தால் விஷ ஊசியால் குத்துமாம். அதன் பிறகு எதையும் பென்சிலால்தான் தொட்டேன்.

பண்டாரவளைக்காரர்:

அண்ணே, அடியில் இருப்பதை எண்ணப் புரட்டிய கல்லைத் திருப்பி வைத்தீர்களா? நாங்கள் ஓடையில் நண்டு எண்ணப் போனபோது சேர் அதற்குத்தான் அதிகம் திட்டினார். ஓடை நண்டுக்குக் கடல் நண்டு மாதிரி மிதந்து திரியும் குஞ்சுப் பருவம் கிடையாது. தாய் வயிற்றடியிலிருந்து முழு நண்டாகவே இறங்கும், தூரம் போகாது. அந்தக் கல்தான் அதற்கு வீடு.

பொகவந்தலாவைக்காரர்:

வைத்தோம் தம்பி. முதல் நாள் மட்டும் நாலைந்து கற்களை மறந்துவிட்டேன். அடியில் ஒட்டியிருந்த பஞ்சுயிரிகள் மறுநாள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன.